குஜராத்தில் சான்றிதழ், வாய்க்காலில் கவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் ஒழிப்பு என்றாலே கடைக்காரரின் கேரி பேக்கைத்தான் பிடிக்கிறோம். மசாலா, சிப்ஸ், ஷாம்பு என்று ஆலையிலிருந்தே பொருளோடு வந்து இறங்கும் கவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு நடுத்தர மசாலா நிறுவனத்தில் இந்தக் கணக்கைப் பார்ப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, சந்தைக்கு எத்தனை டன் கவர் அனுப்புகிறோமோ அத்தனை எடைக் கழிவைச் சேகரித்து அப்புறப்படுத்தவும் நாங்கள்தான் பொறுப்பு. சொந்தப் பெயரில் பொருள் விற்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு; எங்களுக்கு இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்து, கெட்டி டப்பா முதல் வகை, வளையும் கவர் இரண்டாம் வகை, அதில் அலுமினியத் தகடு ஓர் அடுக்காகச் சேர்ந்தால் மூன்றாம் வகை என்று எடை பிரித்துக் காட்ட வேண்டும். 2023-24 முதல் அந்த எடையில் 100 சதவீதம் இலக்கு.

சரி, விற்ற கவரை எப்படித் திரும்ப எடுக்கிறோம்? எடுப்பதில்லை. மறுசுழற்சி ஆலையிடமிருந்து அதே வகையில் அதே எடைக் கழிவை மறுசுழற்சி செய்ததாகச் சான்றிதழை விலைக்கு வாங்கிவிடுகிறோம். ஆலை குஜராத்தில் இருந்தாலும் சட்டத்துக்குச் சம்மதமே. எங்கள் மிளகாய்த்தூள் கவர் காலிங்கராயன் வாய்க்காலில் மிதக்கும். ஏட்டில் அதன் கணக்கு தீர்ந்திருக்கும். 2023இல் மத்திய வாரியம் தணிக்கை செய்தபோது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. எனக்கு அதில் ஆச்சரியம் ஏதுமில்லை. எடை சரியாக இருக்கிறதா என்பதைத் தவிர எங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லையே!

பழைய இரும்புக் கடையில் பால் கவருக்கு விலை கிடைக்கும். உள்பக்கம் வெள்ளியாய் மின்னும் மசாலா கவரை அங்கே கையால்கூடத் தொட மாட்டார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்குகளைப் பிரிப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. கடைசியில் தூய்மைப் பணியாளர்கள்தான், ஒட்டிய சாம்பாரும் சோறுமாக, குப்பையிலிருந்து அதைப் பொறுக்கிப் பிரிக்கிறார்கள். அப்புறம் அது சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகிறது. இந்த உழைப்புக்கு எங்கள் நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ்ப் பணத்தில் ஒரு பைசா வருவதில்லை.

நீலகிரியில் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022இல் வந்தது. பாட்டில்களும் திரும்பி வந்தன. 5 ரூபாய் மசாலா பாக்கெட்டுக்கு அந்த வித்தை பலிக்காது என்பது தெரிகிறது. ஆனால் இதைச் செய்யலாம்: எந்த மாநிலத்தில் சரக்கு விற்கிறதோ, சான்றிதழில் பாதியையாவது அந்த மாநிலத்தில் சேகரித்த கழிவுக்குத்தான் வாங்க வேண்டும் என்று விதியைத் திருத்தலாம். அந்தச் சான்றிதழ்ப் பணத்தில் ஒரு பங்கு, கவரைப் பிரித்துக் கொடுக்கும் உள்ளாட்சிக்குப் போகட்டும். தமிழக அரசு இதை மத்திய அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். செலவு கூடும்தான். எங்கள் முதலாளியே முகம் சுளிப்பார். ஆனால் பாக்கெட்டுக்குச் சில காசுகள்தான் ஏறும். விளம்பரத்துக்கு அதைவிட அதிகம் செலவழிக்கிறோம்.

— ஒரு வாசகர், ஈரோடு