திருகாணிக்கு முன்னால் சீட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், அதோடு மடித்து வைத்திருந்த, உன் பழைய அச்சடிக்கும் கால்குலேட்டர் அடித்த சீட்டும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? பேரன் அந்தக் கால்குலேட்டரை ஏற்கெனவே ‘ரோபோ’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருக்கிறாய். அவன் கைக்குத் திருகாணி எட்டாதபடி பார்த்துக்கொள்.

மூடியைத் திறக்கவா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம். அச்சடிக்கும் கால்குலேட்டருக்கு நோய் என்ன என்பதை அதன் காகிதமே சொல்லிவிடும். நீ அனுப்பிய சீட்டில் மேலிருந்து கீழாகப் போகும் ஒரே ஒரு எண் வரிசையில்தான் எண்ணின் அடிப்பாதி மட்டும் விழுந்திருக்கிறது. மற்ற வரிசைகள் முழுசாக இருக்கின்றன. பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

உன்னிடம் வந்திருப்பது 70களின் உருளை ரகம். ஜப்பானில் சுவா பக்கம் ஷின்ஷு செய்க்கி என்ற நிறுவனம் 1968இல் ஈபி-101 என்ற சிறு அச்சுப்பொறியைக் கொண்டுவந்தது. எப்சன் என்ற பெயர் 1975இல் வந்தது அதன் வழியாகத்தான். மேசைக் கால்குலேட்டர் பலவற்றின் வயிற்றில் இந்த வம்சத்துப் பொறிதான் உட்கார்ந்திருக்கும். எண்கள் செதுக்கிய உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். வேண்டிய எண் நேரே வரும் கணத்தில் அந்த வரிசைக்கான சுத்தியல் காகிதத்தை ரிப்பனோடு சேர்த்து உருளைமேல் அடிக்கும். உருளை நிற்பதே இல்லை. அதனால் சுத்தியல் ஒரு நொடியின் சிறு துளி தாமதித்தாலும் எண் நகர்ந்துவிடும். பாதி எண் விழும், சில சமயம் பக்கத்து எண்ணின் விளிம்பும் ஒட்டிக்கொண்டு வரும்.

எல்லா வரிசையும் ஒரே அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தால் சுத்தியல்கள்மேல் பழி போடாதே. அது மோட்டார் வேகக் கோளாறு, அல்லது உருளை எங்கே இருக்கிறது என்று சர்க்யூட்டுக்குச் சொல்லும் உணரியின் கோளாறு. உணரி அடியோடு செத்துவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், ஓர் எழுத்தும் விழாது. ஒரு வரிசை மட்டும் வெட்டுப்பட்டால் அந்தச் சுத்தியல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வரிசை அடியோடு காணோமென்றால் அதன் மின்காந்தச் சுருளையும் அதை ஓட்டும் டிரான்சிஸ்டரையும் பார்க்க வேண்டும். சுருளின் ஓம் அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேடி அலையாதே. பக்கத்துச் சுருளை அளந்து ஒப்பிட்டால் போதும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அதுதான் குற்றவாளி.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் 12345678 அடி, அடுத்து 88888888 அடி. பெரும்பாலான உருளைகளில் ஒரே எண் எல்லா வரிசையிலும் ஒரே நேரத்தில் நேருக்கு வரும். ஆகவே எட்டு எட்டுகளை அடிக்கும்போது எட்டுச் சுத்தியலும் ஒன்றாக வேலை செய்யும், மின்சாரம் ஒரேயடியாக உறிஞ்சப்படும். முதல் வரி நன்றாக விழுந்து இரண்டாவது மட்டும் மங்கலாக இருந்தாலோ, அந்த நேரத்தில் டிஸ்ப்ளே ஒரு கணம் சோர்ந்து மீண்டாலோ, மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ஃபில்டர் கெபாசிட்டர் சத்துப் போய்விட்டது என்று அர்த்தம். அதே மைக்ரோஃபாரட் அளவிலும், அதே வோல்ட்டுக்கோ ஒரு படி மேலேயோ, சூடு தாங்கும் அளவு 105 டிகிரி என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கி மாற்று. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காத சரக்கு இல்லை. முனை மாற்றி வைத்தால் வெடிக்கும். பழையதன் கழித்தல் கோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி நீ எழுதியதுதான் எனக்குக் கவலை. பின்தகட்டில் 100 வோல்ட் என்று இருக்கிறது, நீ வீட்டு மின்சாரத்தை 110 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறாய். நம் வீட்டில் இரவில் 240 வரும்போது அது 115 கொடுக்கும். 100 வோல்ட் பெட்டிக்கு அது 15 சதவிகிதம் அதிகம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிக்கொண்டே போகும், இன்சுலேஷன் பொறுக்காது. 100 வோல்ட் வெளியீடு உள்ளதை வாங்கு. எடை இல்லாத, சல்லிசான ‘கன்வெர்ட்டர்’ பெட்டிகள் வேண்டவே வேண்டாம். அவை அலையை வெட்டித் தருபவை, ஹீட்டருக்குத்தான் சரிப்படும். கெபாசிட்டர் மாற்றியபின் முதல் தடவை போடும்போது ஸ்டெப்-டவுனுக்கு முன்னால் 40 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணை. பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அடங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்கிவிடு, உள்ளே ஷார்ட்.

இனி உன் ஒட்டிக்கொண்ட சுத்தியல். திறக்கும் நாள் வரும்போது, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டபிறகு மூடியைத் திற. ஸ்குரூ இரண்டு மூன்று நீளங்களில் இருக்கும். நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் பிளாஸ்டிக் குமிழ் விரிசல் விடும், அதனால் அட்டையில் பெட்டியின் படம் வரைந்து அங்கங்கே குத்தி வை. டிஸ்ப்ளே கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மூக்கு துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தட்டிவிட்டால் காற்று புகுந்து டிஸ்ப்ளே போய்விடும், அதற்கு வைத்தியம் இல்லை.

சுத்தியல்களை மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாக மெல்லத் தள்ளிப் பார். நல்லது படக்கென்று திரும்பும், கெட்டது சோம்பலாக வரும். பழைய கிரீஸ் இறுகி வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும், அதில் மையும் காகிதத் தூசியும் குழைந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் மைக்கு நல்லது, இறுகிய கிரீஸை அவ்வளவாகக் கரைக்காது. அங்கே லைட்டருக்கு ஊற்றும் திரவத்தை ஊசி முனையில் ஒரு சொட்டு விட்டு, அசைத்து, பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடு. மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் படாமல் பார்த்துக்கொள். பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது.

இதற்குமேல்தான் எல்லோரும் கெடுப்பது. சுத்தியல் அச்சுக்கு எண்ணெய் போடாதே. இன்று வழுக்கும், ஆறே மாதத்தில் தூசியைச் சேர்த்து மறுபடி ஒட்டும். அது உலர்ந்தே இருக்கட்டும். தையல் மிஷின் எண்ணெய் உருளையின் இரு முனைத் தாங்கிகளுக்கு மட்டும், முனைக்குப் பாதிச் சொட்டு. பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்கு வெள்ளை கிரீஸ் மெல்லிய பூச்சாக. குழாய் வைத்து உள்ளே பீய்ச்சும் ஸ்பிரே எண்ணெய் எந்த இடத்துக்கும் ஆகாது.

காகிதம் வழுக்குகிறது என்றாயே, அதற்குக் காரணம் அதை ஊட்டும் ரப்பர் உருளை கண்ணாடியாக இறுகிப்போனது. ஆல்கஹாலால் துடைத்து, 400 எண் உப்புத்தாளால் கையாலேயே நாலு சுற்று சுற்று. பளபளப்பு போனால் பிடிப்பு வந்துவிடும். ரப்பர் தார் மாதிரி உருகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. சுரண்டி எடுத்துவிட்டு அதே விட்டத்துக்கு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மாட்ட வேண்டும்.

கழித்தல் எண்கள் சிவப்பாக விழவில்லை என்று நீ எழுதியது வேறு சங்கதி. கழித்தல் எண் வந்தால் ரிப்பனைத் தூக்கிச் சிவப்புப் பாதியை முன்னால் கொண்டுவரத் தனி நெம்புகோல் உண்டு. அது அசைகிறதா பார். அசைந்தும் கறுப்பாகவே விழுந்தால், யாரோ ஒற்றைக் கறுப்பு ரிப்பன் போட்டிருக்கிறார்கள். புது ஸ்பூல் கிடைக்காவிட்டால் 13 மில்லிமீட்டர் அகல டைப்ரைட்டர் ரிப்பனை, கறுப்பு-சிவப்பு வகையாகவே, பழைய ஸ்பூலில் சுற்றலாம். பழையது எவ்வளவு நீளமோ அவ்வளவே சுற்று, கூடினால் தடித்து உரசும். பழைய ரிப்பனின் நுனிகளில் உலோகக் கண்ணி இருந்தால் புதியதிலும் அது வேண்டும். திசை மாற்றும் நெம்புகோலைத் தள்ளுவதே அந்தக் கண்ணிதான். இல்லாவிட்டால் ரிப்பன் ஒரு முனையில் நின்று அதே இடத்தில் அடிபட்டுக் கிழியும்.

கடைகளில் கார்டு தேய்க்கும் மிஷினின் காகிதம் அதே 57 மில்லிமீட்டர் அகலம்தான், ஆனால் அது சூடு பட்டால் கறுக்கும் பூச்சுள்ள வெப்பத்தாள். மை அதில் காயாமல் ஈஷிக்கொள்ளும். பூச்சில்லாத சாதாரண உருளையாகக் கேட்டு வாங்கு.

ஐந்து அடித்தால் 0.05 வருகிறது என்றும் எழுதியிருக்கிறாய். அது கோளாறே இல்லை. தசமப் புள்ளி ஸ்விட்ச் ‘ஏ’யில் நிற்கிறது. பைசாக் கணக்கு போடுகிறவருக்குப் புள்ளி அடிக்கும் வேலையை மிச்சப்படுத்தும் வசதி அது. 2க்கு மாற்றிவிடு. அதேபோல் எட்டிலிருந்து மூன்றைக் கழிக்க, 8 அடித்துக் கூட்டல், 3 அடித்துக் கழித்தல், பிறகு மொத்தம் காட்டும் நட்சத்திரப் பொத்தான். குறி எண்ணுக்குப் பின்னால்தான் வரும். சின்னக் கால்குலேட்டர் பழக்கத்தில் 8, கழித்தல், 3 என்று அடித்தால் எட்டே கழிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு சிப் போய்விட்டது என்று முடிவு கட்டாதே.

முதலில் ஸ்டெப்-டவுனை மாற்று. அதன்பின் அந்த இரண்டு சோதனை வரிகளையும் அடித்து, சீட்டைத் தபாலில் அனுப்பு. போனில் எடுத்த படத்தில் அழுத்தம் தெரியாது. தாளின் பின்பக்கம் விரலால் தடவினால்தான் எந்தச் சுத்தியல் லேசாக அடிக்கிறது என்று புலப்படும். சுருள் ஏதாவது போயிருந்தால் அதற்கு ஏற்பாடு செய்யலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி