பழைய நம்பர் போட்ட கவர்

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிறு இரவு, கடை சாத்திய பிறகு

மஞ்சப்பை சாமியாருக்கு,

எட்டு மாசமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, கடன் கேட்கத்தான் என்று நினைத்திருப்பாய். இல்லை. மன்னிப்பும் கேட்கப்போவதில்லை, அந்த வழக்கம் நம் இரண்டு பேருக்கும் கிடையாது. இங்கே எல்லோரும் சுகம். என் முட்டிவலியும் சுகமாக இருக்கிறது. சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. நம் கூட்டாளி தவக்களை மறுபடி வட்டிக்கு விட ஆரம்பித்திருக்கிறான். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், நீ சிரிப்பாய் என்று வைத்துவிட்டேன். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொள், எனக்குக் கேட்காது.

போன மாசம் லட்சுமிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உன் லட்சுமி இல்லை, பதறாதே. எங்கள் தெருவில் பால் ஊற்றும் அக்காவின் மாடு. தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை, இடது பக்கம் வயிறு மத்தளம் மாதிரி உப்பிக் கிடந்தது. அக்கா முதலில் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டது. அப்புறம் பெருங்காயம், வேப்பெண்ணெய் என்று கைவைத்தியம். நாலாம் நாள் நான்தான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் விலாவுக்குப் பின்னால் முஷ்டியை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “உள்ளே பிளாஸ்டிக்தான். திறந்தாத்தான் ஆகும்” என்றார்.

மாட்டைப் படுக்கப் போட்டு அறுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நின்றபடியேதான். மரத்துப்போக ஊசி போட்டு, இடது பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறினார். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் வரைக்கும் உறை மாட்டிய கையை உள்ளே விட்டு அவர் இழுத்தபோது, தேர்வடம் மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. கவர். கவருக்குள் கவர், அதைச் சுற்றிச் சணல், பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், ஒரு செருப்பு வார். நாற்றத்தை எழுத முடியாது. உர மூட்டைச் சாக்கில் முக்கால் சாக்கு நிறைந்தது.

இது சாணியோடு வெளியே போகாதாம். முதல் வயிற்றிலேயே தங்கி, வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தீனிக்கான இடத்தை அடைத்துவிடுமாம். மாடு ருசி பார்த்தா பிளாஸ்டிக்கைத் தின்கிறது? மீந்த சோற்றையும் பழத்தோலையும் நாம் கவரில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு எறிகிறோம். முடிச்சை அவிழ்க்க அதற்குக் கையா இருக்கிறது?

நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. வாளித் தண்ணீரை ஊற்றி அந்தக் குவியலை ஒதுக்கினோம். அப்போது ஒரு மஞ்சள் கவர் விரிந்தது. எழுத்து பாதி போயிருந்தது, கீழே நம்பர் மட்டும் நன்றாகத் தெரிந்தது. என் நம்பர். பழைய நம்பர், நான் மாற்றி ஆறு வருஷம் ஆகிறது. ஒரு தீபாவளிக்கு அப்பா பேரைப் போட்டுப் பத்தாயிரம் கவர் அச்சடித்தேனே, ‘தரமான மளிகைக்கு’ என்று? ‘தாரமான மளிகை’ என்று வந்திருக்கிறது என நீதான் முதலில் கண்டுபிடித்துக் கடை வாசலில் உருண்டு சிரித்தாய். அந்தத் துணைக்கால்கூட அழியவில்லையடா.

அக்கா பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் படிக்கத் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. எட்டு வருஷமாக அந்த மாட்டுப் பாலில்தான் எனக்குக் காபி.

உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜூன் 5 அன்று சட்டசபையில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை என்று வந்ததே, அப்போது மூன்று மாசம் யோக்கியனாகத்தான் இருந்தேன். எதிர்க்கடையில் கவர் கொடுக்கிறான் என்று நாலு வீட்டுக்காரர்கள் அங்கே போனதும், மிச்சமிருந்த கட்டுகளை அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். தெரிந்த முகத்துக்கு மட்டும், மேசைக்கு அடியில், ஏதோ கள்ளச்சாராயம் மாதிரி. ஒரு தடவை அபராதமும் கட்டினேன், வீட்டில் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் ஆரம்பித்த அன்று, அரசாங்கமே உன்னைக் காப்பியடித்துவிட்டது என்று போனில் கிண்டல் பண்ணினேனே, அன்றைக்கும் கல்லாவுக்குக் கீழே ஒரு கட்டு இருந்தது.

நீ குன்னூரில் இருந்தபோது நாங்கள் வந்தது நினைவிருக்கும். பர்லியாறு சோதனைச் சாவடியில் என் தண்ணீர் பாட்டில் கேஸை இறக்கச் சொல்லிவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் உன்னை ஒரு வசவு வைதுகொண்டுதான் மேலே வந்தேன். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டிலே விற்கக்கூடாது என்றால் சுற்றுலா வந்தவன் எதைக் குடிப்பான் என்று உன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். நீ பேசாமல் ஒரு எவர்சில்வர் பாட்டிலை என் பேரன் கையில் கொடுத்து, தெருமுனைத் தண்ணீர் ஏடிஎம்மில் காசு போட்டுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாய். அவன் அன்றைக்கு எட்டு தடவை பிடித்தான். அந்தப் பாட்டிலில்தான் இன்னமும் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் போகிறது. அடியில் சொட்டை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது கடை நிலவரம். கவரை அடியோடு நிறுத்திவிட்டேன். பருப்பு, மிளகாய், மல்லி எல்லாம் பொட்டலம். அப்பா கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் பொட்டலத்தைக் கட்டினேன், அது அந்த அம்மா படி இறங்குவதற்குள் அவிழ்ந்து கால் கிலோ துவரம்பருப்பு சாக்கடையில். அப்புறம் பழைய பாத்திரக்கடைத் தாத்தாவைக் கூட்டிவந்து கற்றுக்கொண்டேன். தாளைக் கூம்பாக உருட்டி, நுனியை ஒரு முறுக்கு, பருப்பைக் கொட்டி வாயை மூன்று மடிப்பு. விட்டத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துக் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு. கடைசியில் விரலில் சுண்டி நூலை அறுக்கிறோமே, அந்த ஒரு வித்தைக்கே பத்து நாள் ஆனது. விரலில் காய்ப்பு ஏறிவிட்டது. பழைய பேப்பர் வேண்டாம், அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும் என்று சின்னவள் சொன்னதால் பழுப்புத் தாள்தான் வாங்குகிறேன். அதற்குக் காசு அதிகம். அதையும் எழுதி வைத்துக்கொள், நாளைக்கு இதெல்லாம் சுலபம் என்று நீ யாரிடமும் பேசக்கூடாது.

எண்ணெய்க்குத் தூக்கு கொண்டுவந்தால் அரை ஆழாக்கு சேர்த்து ஊற்றுகிறேன். பை மறந்தவர்களுக்குப் பத்து ரூபாய்க்குத் துணிப்பை, திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ். டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு நீலகிரியில் 2022இல் ஆரம்பித்தார்களே, அதே கணக்கு. “பாட்டில் மாதிரியே பைக்குள்ளேயும் ஏதாவது இருந்தா சீக்கிரம் திரும்பி வரும்” என்கிறான் தவக்களை. நூறு பை போட்டேன், அறுபத்திரண்டு கையில் இருக்கிறது. மிச்சம் எந்த வீட்டு ஆணியில் தொங்குகிறதோ. துணிக்கடைக்காரர்கள் தருகிறார்களே, துணி மாதிரியே இருக்கும் பை, அதைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டுகிறார்கள். ஒரு அம்மா நீட்டிய பையின் மூலையில் தீக்குச்சி காட்டினேன், பிளாஸ்டிக்தான், உருகிச் சொட்டியது. அந்த அம்மா முகம் போன போக்கைப் பார்க்கணும். ஆனால் அதையும் கிழிகிற வரைக்கும் எடுத்துவாருங்கள் என்றுதான் சொன்னேன். எதிர்க்கடைக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. வியாபாரம் கொஞ்சம் படுத்துத்தான் இருக்கிறது. வீட்டுக்காரி முகத்திலும் அது தெரிகிறது.

தோற்ற இடம் ஷாம்பு. சரம் சரமாகத் தொங்குகிறதே, அதை எடுத்துவிட முடியுமா? கூலிக்குப் போகிற பெண்ணிடம் போய் இருநூறு ரூபாய் பாட்டில் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதில் கேவலம் என்ன தெரியுமா, நம் ஊர்தான் இதற்குத் தாய்வீடு. சாமானைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழி காட்டியவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். 1983இல் அவர் மகன் ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தனியாக இறங்கி ‘சிக்’ ஷாம்புவைக் கொண்டுவந்தார். ஏழை தலைக்கும் ஷாம்பு வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்று அந்த ஆரம்ப காலத்தில் ஒரு திட்டம் ஓடியதே! அதற்காக விடுதிக் குப்பைத்தொட்டியில் நீ கையை விட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அப்போது ஒரு பாக்கெட்கூடத் தெருவில் கிடக்கவில்லை, உன் புண்ணியத்தில்.

அதையே செய்து பார்ப்போம் என்று பத்துக் காலிப் பாக்கெட்டுக்கு ஒரு கடலை உருண்டை, கண்ணாடி ஜாடியிலிருந்து. தெருப் பிள்ளைகள் பிரளயம் மாதிரி வந்துவிட்டார்கள். ஒருத்தன் அவன் அம்மா வாங்கிய சரத்தையே குளிக்காமல் காலி பண்ணிக் கொண்டுவந்தான், அது தனிப் பஞ்சாயத்து. இப்போது கிடங்கில் இரண்டு மூட்டை நிற்கிறது. காயலான் கடைக்காரன் தொட மாட்டேன் என்கிறான். பல அடுக்கு ஒட்டிய தாள், உருக்கினாலும் எதற்கும் ஆகாதாம். தூய்மைப் பணியாளர் தங்கச்சி ஒன்று, “கொடுங்கண்ணே, இந்த மாதிரி எல்லாம் அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு எரிக்கப் போகும்” என்றது. எரிக்கத்தானா நான் உருண்டை கொடுத்தேன் என்று இருந்தது. ஆனால் கொடுத்துவிடுவேன், மாட்டு வயிற்றுக்குப் போவதற்கு அது மேல்.

உன் மகன் கல்யாணம் தையில் என்று கேள்விப்பட்டேன். பத்திரிகை இன்னும் வரவில்லை, வந்தால் பார்ப்போம். சமையல்காரன் இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில் வைக்கப் பார்ப்பான், சம்பந்தி வீட்டில் அதைக் கௌரவம் என்பார்கள். நீ அந்த இடத்தில் பல்லைக் காட்டிவிட்டு அடங்கிவிடுவாய், எனக்குத் தெரியும். பாத்திரக்கடைத் தாத்தாவிடம் ஐந்நூறு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறேன். பந்தியில் தண்ணீர் ஊற்ற நானும் தவக்களையும் வருகிறோம். அவன் வட்டி கேட்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

லட்சுமிக்குத் தையல் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று அசை போட்டது. அக்கா பால் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டது: “ஏண்ணே, அந்த மஞ்சக் கவர் உங்க கடையோடதா?” ஆமாம் என்றேன். “நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு, வழக்கமாக ஊற்றும் கொசுறையும் ஊற்றிவிட்டுப் போனது.

விடுதியில் என்னிடமிருந்து நீ அமுக்கிய அப்பாவின் எண்ணெய்த் தூக்கு உன்னிடம்தான் இருக்கிறது, பொய் சொல்லாதே. கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்வேன். தேய்த்து வைக்கச் சொல்.

இப்படிக்கு,
தாரமான மளிகைக்காரன்