சொட்டாத கசிவு

சங்ககிரி,
ஞாயிறு காலை.

அன்பு மாப்பிள்ளைக்கு,

போர்வெல் ரிக்கோடு ராய்ப்பூர் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தங்கச்சி சொன்னாள். வெயிலும் பாறையும் எப்படி? நம்ம கிழவி, அதுதான் நம் பழைய லாரி, எப்படி இருக்கிறாள் என்று போனில் கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி, போர் இறங்குது" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன்.

கிழவி பிழைத்துக்கொண்டாள். மூன்று மாதம் என்னை அழவைத்த பிறகுதான்.

காலையில் செல்ஃப் அடித்தால் உறுமுவாள், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுவாள். இறங்கிப்போய் டீசல் லைனில் இருக்கும் கைப்பம்பை இருபது தரம் குத்தி, உள்ளே புகுந்த காற்றை எடுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடுவாள். சமவெளியில் குறையே சொல்ல முடியாது. மலை ஏறும்போது மட்டும் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் இழுவை இருக்காது.

ஒருநாள் தாளவாடிக்கு மாட்டுத்தீவனம் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலை ஏறினேன். 16.2 டன்னுக்கு மேல் அந்த மலையில் விடுவதில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் நம் ஆறு சக்கர வண்டிக்கு அங்கே இன்னும் வாடகை கிடைக்கிறது. ஆனால் 2022இலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் லாரி ஏற முடியாது. அப்போது மணி நாலரை. 27 வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, ஒரு வளைவில் திரும்பும்போதே வண்டி மூச்சை விட்டது. பின்னால் பஸ்ஸும் காரும் வரிசை கட்டி ஹாரன் அடிக்கிறார்கள். கிளீனர் பையன் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். நான் டீசல் பில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பைக் குத்தினேன். சோப்புத்தண்ணி மாதிரி நுரை நுரையாக வந்தது. ஒரு கண் டீசல் மேல், ஒரு கண் காட்டுப் பக்கம். யானை வந்தால் நான் எந்தப் பக்கம் ஓடுவது?

ஊர் திரும்பியதும், இஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்பைப் பார்க்கிற கடைக்கு விட்டேன். பார்த்த மாத்திரத்தில் "எலிமென்ட் தேஞ்சு போச்சுங்க" என்றார்கள், பம்புக்குள் டீசலைத் தள்ளும் பாகத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். பம்பை இறக்கி, பெஞ்சில் கட்டி, அளவு வைத்துக் கொடுத்தார்கள். பில் தொகையை எழுதினால் நீ சிரிப்பாய், விடு. இஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் ஆறு நாசிலையும் டெஸ்டரில் அடித்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் பீச்சாமல் ஒழுகியது. அதை மாற்றியதில் புகை குறைந்தது உண்மைதான். ஆனால் அடுத்த வாரமே பழைய கதை.

விஷயத்தைப் பிடித்தது நானில்லை, கிளீனர் பையன். "அண்ணா, டேங்க் நிரப்புனா ரெண்டு நாளைக்கு இந்தத் தொல்லையே இல்லீங்களே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருசம் வண்டி ஓட்டியவன் இதைக் கவனிக்கவில்லையே!

பத்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, கேபின் பக்கத்தில் கட்டி, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு, அதாவது டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் சின்னப் பம்புக்கு, ஓஸ் கொடுத்தேன். பக்கத்து மேடு வரை போய் வந்தேன். பழைய இழுவை, முக்கல் முனகல் இல்லை. அப்படியென்றால் பம்பில் குற்றமில்லை, அதற்கு முன்னால்தான் எங்கேயோ. மறுபடி டேங்க் லைனை மாட்டி, நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு முழம் டியூப் வைத்துப் பார்த்தேன். இஞ்சின் ஓட ஓட, கடுகு கடுகாகக் குமிழி போய்க்கொண்டே இருந்தது.

நாம் எப்போதும் லைனைத் தடவிப் பார்த்து, கை ஈரமாகவில்லை என்றால் கசிவு இல்லை என்று விட்டுவிடுவோம் இல்லையா? ஃபீட் பம்புக்கு அப்புறம்தான் டீசல் அழுத்தத்தில் போகிறது. அங்கே ஓட்டை இருந்தால் வெளியே சொட்டும். அதற்கு முன்னால் உறிஞ்சல்தான். இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவில் கீறல் இருந்தால் இளநீர் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே வரும். அதே கதை.

டேங்கைக் காலி செய்து உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயை உருவினேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாயை வைத்து ஊதினேன். குழாயின் நடுவே, பற்றுவைத்த இடத்துக்குக் கீழே, மயிரிழைக் கீறலிலிருந்து ஒரே வரிசையாகக் குமிழி. டேங்க் நிறைந்திருந்தால் கீறல் டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும், தொல்லையில்லை. பாதிக்குக் கீழே போனால் காற்றைக் குடிக்கும். ராத்திரி வண்டி நின்றால் லைனில் இருக்கிற டீசலும் அதன் வழியே டேங்குக்கு இறங்கிவிடும். உதட்டில் டீசல் வாடை இரண்டு நாள் போகவில்லை, காப்பிகூட டீசலாகவே இருந்தது.

கைவைத்ததுதான் வைத்தோம் என்று லைன் முழுவதையும் மாற்றிவிட்டேன். லேத் கடைக்காரர் குழாயைச் செம்பில் போடலாம் என்றார். செம்பு பட்டால் டீசல் சீக்கிரம் பிசின் கட்டும் என்பதால் இரும்பிலேயே போடச் சொன்னேன். ரப்பர் ஓஸெல்லாம் புதுசு. 2020 ஏப்ரலிலிருந்து வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான், அதற்கு முன் 50. கந்தகத்தை எடுக்க எடுக்க, பழைய டீசலில் ஊறிய ரப்பர் சுருங்கி விறைத்துப்போகிறது. ஃபீட் பம்புக்கு முன்னால், அடியில் திருகு வைத்த தண்ணி பிரிக்கும் பில்டர் ஒன்றும் மாட்டியிருக்கிறேன். மழை நாளில் காலையில் திறந்தால் ஒரு கரண்டி தண்ணி வருகிறது. இத்தனை வருசம் இதையெல்லாம் பம்புதான் குடித்திருக்கிறது, பாவம்.

"பம்புல டீசல் அளவை ஏத்திக் கொடுக்கிறோம், ராக்கெட் மாதிரி போகும்" என்றும் ஒருவர் வந்தார். கரும்புகை கக்கிக்கொண்டு பிஸ்டனைச் சுட வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பம்பின் தகட்டில் அதைச் செய்த கம்பெனியின் பெயர் இன்னும் மைக்கோ என்றுதான் இருக்கிறது. 2008இல் கம்பெனியே பெயரை பாஷ் என்று மாற்றிக்கொண்டது, நம் ஊரில் யார் மாற்றினார்கள்?

போன செவ்வாய்க்கிழமை கால் டேங்க் டீசலோடு வேண்டுமென்றே திம்பம் ஏறினேன். எங்கேயும் நிற்கவில்லை. ஆசனூரில் டீ குடிக்கும்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.

உன் ரிக் லாரியும் காலையில் அடம் பிடிக்கிறது என்றாயே, பம்பை இறக்குவதற்கு முன் அந்தக் கேன் வேலையைச் செய்து பார். ஓஸுக்குக் கிளிப்பை நன்றாக முறுக்கு, இல்லாவிட்டால் அதுவே காற்றை இழுத்து உன்னைக் குழப்பிவிடும். மருமகன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுக்கப்போகிறானாமே. லீவுக்கு வந்தால் இங்கே அனுப்பு, அந்தக் கீறல் விட்ட குழாயைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன்.

உன் மச்சான்