ராமேஸ்வரத்தின் நல்ல தண்ணீரும் நாலங்குலப் படியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாள். மகாளய அமாவாசைக்காகச் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக ராமேஸ்வரம் கிளம்பும் பருவமும் அதுதான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. அதன்பின் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் தீவுக்கு இக்கரையில் மண்டபம் ரயில் நிலையத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வண்டி மாறவேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்து ரயில் மறுபடி தீவுக்குள் போவது உண்மையிலேயே கொண்டாட வேண்டிய செய்தி. வருகிற கூட்டத்தைத் தீவு தாங்க வேண்டும், வருகிறவர் எல்லோரும் உள்ளே போக முடியவேண்டும். அதற்குச் செய்யவேண்டியவை பெரிய செலவில்லாதவை என்பதால் இக்கடிதம்.

முதலில் தண்ணீர். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை கிணறுகள். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்க, உள்ளே நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் அடியில் உள்ள உப்புநீரின்மேல் மிதந்தபடி நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியிலிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறிவரும். பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கரையோர வீட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

எனவே இன்னும் ஆழமாகத் துளை போட்டால் தண்ணீர் கிடைக்கும் என்ற பழக்கம் தீவில் எடுபடாது. உப்பைத்தான் எட்டித் தொடும். ஆழமில்லாத கிணறுகள் இரண்டு மூன்று, சிறிய மோட்டார், சிறிது நேரம் இறைத்துவிட்டு ஊற விடுவது, கூரையில் விழும் வடகிழக்குப் பருவமழை முழுவதையும் மணலுக்குள்ளேயே இறக்குவது, இவைதான் விடுதிக்காரர்களுக்கு வழி. செப்டிக் டேங்க்கின் உறிஞ்சுகுழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. களிமண்ணைப்போல மணல் கழிவைத் தடுத்து நிறுத்தாது. கிணற்றுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விருந்தினர் செய்யக்கூடியது இன்னும் எளிது. ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் 50 லிட்டர் போய்விடும். வாளியில் மொண்டு குளித்தால் 20 லிட்டர் போதும்.

குடிநீருக்கும் ஒரு கணக்கு. 50 பேர் கொண்ட பேருந்து, இரண்டு நாள், தலைக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்றால் 200 லிட்டர். பாட்டிலாக வாங்கினால் 200 காலி பாட்டில்கள் தீவில் விழும். 20 லிட்டர் கேன் என்றால் பத்தே கேன். காலியானதும் அதே வண்டியில் திரும்பிவிடும். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் இருந்தால் முடிந்தது.

அக்னி தீர்த்தத்தில் நீராடி, உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பருத்தி வேட்டி காலத்தில் அது மட்கிப்போயிருக்கும். இன்றைய பாலியஸ்டர் புடவையும் நைலான் துண்டும் மட்காது. மணல் ஏறிக் கனத்து, பாதி புதைந்து, அடுத்து இறங்குகிறவரின் காலைச் சுற்றும். மீனவர் வலையிலும் மாட்டும். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஈரத்துணிக்கு ஒரு பையைக் கையோடு எடுத்துப்போங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்து, நடக்க முடியாதவர்கள். சாய்தளம் கட்டும் கொத்தனார் நினைவில் வைக்கவேண்டியது ஒரே விதி: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். நாலங்குலப் படிக்கு நாலடிச் சரிவு. ஒன்றரை அடித் திண்ணைக்குப் பதினெட்டு அடி. இடமில்லை என்று ஆறடியில் முடித்தால் துணைக்கு வந்தவரால் தள்ளி ஏற்ற முடியாது, இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும். பளபளக்கும் டைல்ஸ் போட்டால் ஈரக்காலோடு வருகிற யாத்ரீகர்கள் வழுக்கி விழுவார்கள். சரிவின் அடியில் சாக்கடைக் கம்பிமூடி இருந்தால், கம்பிகளின் இடைவெளி 12 மில்லிமீட்டருக்குமேல் போகக் கூடாது. போனால் முன்சக்கரம் சிக்கி, உட்கார்ந்திருப்பவர் முகம் குப்புற விழுவார். 22 தீர்த்தத்துக்கும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோக முடியாதவர்களுக்கு, நீரை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஊற்ற ஏற்பாடு செய்தால் அவர்களின் வேண்டுதலும் நிறைவேறும்.

தனுஷ்கோடிக்கு மெரினாவில் பாடம் இருக்கிறது. அங்கே 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். நாற்காலியில் இருந்தபடியே அலையருகே போய்வந்தவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை வீண்செலவு என்று சொல்லமாட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீர்செய்தார்கள். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைப் பக்கம் அப்படி ஒன்று அமைத்தால், கடலை ஒட்டிய பகுதியைக் கழற்றி மாட்டும் பலகைகளாகச் செய்து, பருவமழைக்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். பலகைகளைப் போகும் திசைக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும். நெடுக்காகப் பதித்தால் சந்தில் சக்கரம் மாட்டும். காற்று மணலை வாரிக் கொட்டும் இடம் அது, தினமும் பெருக்க ஆள் வேண்டும். பாதை வரும்வரை ஒரு யோசனை: சாதாரண நாற்காலியை மணலில் முன்னோக்கித் தள்ளினால் சின்னச் சக்கரம் புதையும், பின்புறம் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் இழுத்தால் நகரும். திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்பு பேரிங்கைத் தின்றுவிடும்.

தனுஷ்கோடியின் சேற்றுநிலத்தில் வண்டியை இறக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது பூநாரைகள் இரை தேடும் இடம். 2025இல் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்திருக்கிறது.

தீவின் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள், பனையோலைப் பெட்டி முடைபவர்கள். நினைவுப்பொருள் வேண்டுமென்றால் ஓலைப்பெட்டியும் கருப்பட்டியும் வாங்குங்கள். பவளத் துண்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கடைசியாக, அறை பதிவு செய்யும்போது "சக்கர நாற்காலி வருமா?" என்று கேட்டால் "லிஃப்ட் இருக்கு சார்" என்பார்கள். அது பதில் ஆகாது. லிஃப்டுக்கு முன்னால் எத்தனை படி, குளியலறைக் கதவின் அகலம் எவ்வளவு என்று கேளுங்கள். பல நாற்காலிகள் இரண்டேகால் அடி அகலம். கதவுத் திறப்பு மூன்றடி இருந்தால் கை இடிக்காமல் போகலாம். அளவு டேப்பை வைத்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ராமேஸ்வரம் பயணக் குழுக்களுக்கு ஏற்பாடு செய்வோர்,
மயிலாப்பூர், சென்னை – 4