அம்மப்பாவின் பிஸ்கட் டின்: ஒரு நன்றி மடல்

அன்பான எல்லோருக்கும்,

வெள்ளம் வடிந்து, வீடு கழுவி முடித்தாயிற்று. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் இன்னும் போகவில்லை. நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அதே தண்ணீருக்குள்தான் நின்றீர்கள். எங்களை வள்ளத்தில் ஏற்றியவர்கள், சோற்றுப் பார்சல் கொண்டுவந்த பொடியன்மார், கிணறு இறைத்துத் தந்தவர்கள், ஆரையம்பதியில் தன் கட்டிலை அம்மாவுக்கு விட்டுவிட்டு 11 நாள் விறாந்தையில் படுத்த மாமி, எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்லப்போனால் யாரையாவது விட்டுவிடுவேன். மறுகா அது ஒரு மனக்குறையாகிவிடும்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். காத்தான்குடியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் (போட்டோகொப்பி, லெமினேட் கடை) வைத்திருக்கும் தம்பி.

வீட்டிலிருந்து இறங்கும்போது அம்மா கையில் எடுத்தது இரண்டே சாமான். ஒன்று காணி உறுதி (நிலப் பத்திரம்), மற்றது பழைய பிஸ்கட் டின். உறுதி பொலித்தீன் பைக்குள் இருந்து தப்பிவிட்டது. டின்னுக்குள் தண்ணீர் போய்விட்டது. உள்ளே இருந்த 47 படங்களும் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரச் செங்கல் மாதிரி ஒரே கட்டி.

அந்த டின் அம்மப்பாவுடையது. அம்மம்மாவின் இரண்டாவது கணவர் என்று விளக்கம் சொல்லி எனக்கே பழக்கமில்லை. அம்மாவைப் பெற்றவர் அம்மாவுக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். இவர் ஆரையம்பதித் தச்சர். குருமண்வெளியில் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு), எங்கள் மண்டூருக்குக் கதவு நிலை செய்ய வந்தவர், வந்த வீட்டிலேயே மாப்பிள்ளையானார். ஊரில் சிலருக்குக் கடைசி வரை அவர் 'வந்த மனிசன்'தான். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் குடி, அதாவது வம்சம், தாய்வழிதானே; மாப்பிள்ளை வேறு குடியிலிருந்துதான் வருவார். அப்படிப் பார்த்தால் அம்மாவைப் பெற்றவரும் வேறு குடி, இவரும் வேறு குடி. இதை அந்த ஆட்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர்களும் இல்லை, அம்மப்பாவும் இல்லை.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்தபோது பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, இந்த டின்னை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்தாராம். 2004 சுனாமியில் அவருடைய தங்கை வீட்டு அல்பங்கள் கடலோடு போயின. அதற்குப் பிறகு ஆரையம்பதிக் குடும்பத்தின் சின்ன வயது முழுவதும் மண்டூரில் இருந்த இந்த டின்னுக்குள் மட்டும்தான்.

சரி, கடைக்கு வருகிறேன். மேலே தெரிந்த ஒரு படத்தையாவது லெமினேட் பண்ணித் தாருங்கள் என்று கேட்டேன். தம்பி கட்டியைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் பார்த்தார். "அக்கா, லெமினேட் பண்ண வேணாம். ஈரம் உள்ளுக்கே நிண்டு பூஞ்சணம் புடிச்சிரும். பிரிக்கவும் வேணாம், காயவும் விட வேணாம். வெச்சிட்டுப் போங்க."

எனக்குப் போக மனமில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. ஒரு பெரிய பேசினில் நல்ல தண்ணீர் நிரப்பி, கட்டியை அப்படியே உள்ளே விட்டார். "திரும்பவும் தண்ணியிலயா?" என்று கத்திவிட்டேன். அவருடைய வாப்பா முன்பு ஸ்டூடியோ ஒன்றில் டார்க் ரூம் வேலை பார்த்தவர். சாய்வு கதிரையில் இருந்தபடியே, "படம் பொறக்கிறதே தண்ணிக்குள்ளதான் மகள், பயப்புடாதீங்க" என்றார். உம்மா எனக்கு ஒரு பிளேன்ரீயைத் தந்து வாயை அடைத்தார்.

அரை மணித்தியாலம் போக, ஒரு மூலை தானாகவே எழும்பியது. இழுக்கவில்லை. படத்தின் முகத்தில் விரல் படாமல், ஓரத்தை மட்டும் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே அசைத்து அசைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாலு கதிரைகளுக்கு நடுவே பழைய நுளம்புவலையை இழுத்துக் கட்டி, அதில் படங்களை முகம் மேலே பார்க்கப் பரப்பிக் காயவிட்டார். கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் பிழைத்தன. கலர்ப் படங்களில் 6 போய்விட்டன. முகங்கள் இருந்த இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கூழ். அதில் ஒன்று என்னுடைய முதலாம் பிறந்தநாள். பரவாயில்லை.

மூன்றாம் நாள் போனபோது எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தார். முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும். நான் கேட்கவில்லை. எனக்கு அது தோன்றியிருக்கவும் மாட்டாது. "எழுத்துக் கிடக்கு அக்கா. மையால எழுதியிருந்தா கரைஞ்சிரிக்கும். இது பென்சில்."

தச்சர்தானே. காதில் செருகியிருக்கும் பென்சிலால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் எழுதியிருக்கிறார், இடமிருந்து வலமாக. பெரியக்கா. பெரியக்காட மூத்தவன். தங்கச்சி, காய்ச்சலோட. மச்சான், சட்டை இரவல். இப்படி ஆரையம்பதியின் ஆறு வீட்டு ஆட்களும் வரிசையாக. எங்கள் வீட்டுப் படம் ஒன்றில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் ஐந்து வயது அம்மா. அதற்குப் பின்னால்: 'என்ட மூத்த மகள்.' படத்தில் அவர் ஓரமாக, பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறார். அந்த இடத்துக்கு நேரே 'நான்' என்று எழுதியிருக்கிறது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆரையம்பதி மாமி, பத்து வயதில் தன் தாய் எப்படி இருந்தார் என்பதை அன்றுதான் முதல்முறை கண்டார்.

தம்பி காசு வாங்கவில்லை. வற்புறுத்திப் பார்த்தேன். "பேப்பர்க் காசு தாங்க" என்று 200 ரூபாயோடு நிறுத்திக்கொண்டார்.

போனில் கிடக்கும் படங்களை இனி வருடத்துக்கு ஒருமுறை பிரின்ட் எடுத்து, பின்பக்கம் பென்சிலால் எழுதிவைப்பேன். இது அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, இங்கே எழுதினால் தப்ப முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு எல்லோரும் மண்டூர் வீட்டுக்கு வாருங்கள். ஆரையம்பதி ஆட்கள் படத்தின் பிரதிகளை அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம். கடைத் தம்பி, உம்மாவையும் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வர வேண்டும். பாதைக்கு நேரத்தோடு வாருங்கள், அன்றைக்குச் சனம் கூடும்.