இரவுக்கு ஒரு கேள்வி அனுப்பியவருக்கு

முதலீட்டுப் பகுப்பாய்வுத் துறைக்கான சி.எஃப்.ஏ. தகுதியின் முதல் நிலைத் தேர்வில் தேறிவிட்டேன் என்ற மின்னஞ்சலைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். மனம் நிதானப்படட்டும் என்று காத்திருந்தால், நன்றி சொல்வதும் நாளைக்கு நாளை என்று தள்ளிப்போய்விடும். இடையில் எனக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை.

படிப்புக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று நான் எழுதிய அன்று பலரும் ஆறுதல் சொன்னீர்கள். நேரில் பார்த்தே இராத ஒருவர் மட்டும் ஆறுதலாக எதையும் எழுதாமல், தனியாக ஒரு கேள்வியை அனுப்பியிருந்தார். ஒரு கடன்பத்திரத்தின் கூப்பன் விகிதம் (முகமதிப்பின் மீது அது தரும் ஆண்டு வட்டி) 5 சதவீதம், முதிர்வு வரையிலான ஈட்டு விகிதம் (இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருமானம்) 6 சதவீதம் என்றால், அதன் விலை முகமதிப்பைவிடக் கூடுதலாக இருக்குமா, குறைவாக இருக்குமா, சமமாக இருக்குமா? அதன் கீழே, "இதற்கு மட்டும் விடை அனுப்புங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. கணிப்பானே தேவைப்படாத கேள்வி. புத்தகத்தைத் திறக்க மனம் வராதிருந்த எனக்குக்கூட, "குறைவாக இருக்கும்" என்று பதில் போடுவது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. "சரி" என்று பதில் வந்தது. மறுநாள் இரவு அடுத்த கேள்வி வந்தது.

இந்தத் தேர்வுக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. திட்டம் போடுவதற்கு அது உதவலாம். ஆனால் நாட்கள் கைநழுவிப் போன பிறகு அந்த எண்ணைப் பார்க்கிறவருக்கு, எத்தனை மணி நேரம் பாக்கி என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. கேள்வி அனுப்பியவரோ எத்தனை பக்கம் முடிந்தது, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. விடை தவறினால் மட்டும், "தெரியாமலா, அவசரத்திலா, கணிப்பானிலா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்காகவே ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக் குறிக்கத் தொடங்கினேன். சில வாரங்களில் அந்த நோட்டு ஒரு செய்தி சொன்னது: பாடம் தெரியாமல் போன மதிப்பெண்களைவிட, "பொருந்தாதது எது" என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டவையும், கணிப்பானைத் தவணைத் தொடக்க முறையிலேயே (ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் பணம் கைமாறுவதாகக் கணக்கிடும் அமைப்பு) விட்டுவிட்டுப் போட்ட கணக்குகளும் அதிகம். உண்மையிலேயே தெரியாதவை நிதிநிலை அறிக்கைப் பாடத்தில், அதுவும் ஒத்திவைக்கப்பட்ட வரி, குத்தகை ஆகிய இரண்டு இடங்களில் குவிந்திருந்தன. பத்துப் பாடங்களையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்ற மலைப்பு அங்கேதான் நீங்கியது. கடைசி மாதத்துக்கான அட்டவணையை அந்த நோட்டிலிருந்தே எடுத்து எழுதினேன்.

அவருடைய கேள்விகளில் இருந்த ஒழுங்கு வெகு தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. நான் தவறவிட்டது சில நாட்கள் கழித்து வேறு எண்களோடு திரும்பி வரும். சரியாகச் சொல்லிவிட்டால் இன்னும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் வரும். மறதி எப்படி வளர்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே சோதித்து எழுதிவைத்தார். எனக்காக ஒருவர் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு இரவுதோறும் செயல்பட்டார். ஒவ்வொரு கேள்வியையும் அவரே எழுதினார். விற்பனைக்கு இருக்கும் வினாத்தொகுப்பிலிருந்து எடுத்து அனுப்பலாமே என்று நான் கேட்டதற்கு, "நெறிமுறைப் பாடத்தை முதலில் படியுங்கள்" என்பதுதான் பதில்; பிறருடைய வினாக்களை அனுமதியின்றி எடுத்து அனுப்புவது முறையல்ல என்று பொருள்.

ஒரு கேள்விக்காக உட்கார்ந்த பழக்கம் பத்துக் கேள்விகளாகி, பிறகு 180 கேள்விகள் கொண்ட முழு மாதிரித் தேர்வுவரை வளர்ந்தது. 135 நிமிடத்தில் 90 கேள்விகள் என்ற அமர்வை அடுத்தடுத்து இரண்டு முறை எழுத முடியும் என்ற தெம்பு அப்படித்தான் வந்தது.

வழித்தோன்றல்கள் (வேறொரு சொத்தின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் நிதி ஒப்பந்தங்கள்) பாடத்தைத் தொலைபேசியிலேயே பொறுமையாக விளக்கியவர், என் முறை வந்தபோது என் வேலையைத் தாம் ஏற்றுச் செய்த சக ஊழியர்கள், விடுப்புக்குக் காரணம் கேட்காத மேலாளர், வீட்டில் என் பங்கு வேலைகளைச் சொல்லாமலே செய்து முடித்தவர்கள் ஆகிய அனைவருக்கும் என் நன்றி. உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் அந்த ஒற்றைக் கேள்விக்குக்கூட எனக்கு நேரம் கிடைத்திருக்காது.

தேர்வில் என்ன கேட்டார்கள் என்று யாரும் விசாரிக்க வேண்டாம். சி.எஃப்.ஏ. நெறிமுறை விதிகளின் ஏழாவது தரநிலை அதைத் தடுக்கிறது. முதல் நிலை தேறியதற்காகப் பெயருக்குப் பின்னால் எந்த எழுத்தையும் போட்டுக்கொள்ளவும் முடியாது. ஆனால் கேள்வி எழுதி அனுப்புவதற்குத் தடையில்லை. அடுத்த சுற்றுக்குப் பதிவு செய்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்க முடியாமல் இருப்பவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். தேர்வு நாள்வரை இரவுக்கு ஒன்று என்று அனுப்புகிறேன். முதல் வாரம் கடன்பத்திரங்கள்.