வராதவர் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வரலாற்றுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசு ஆவணம் ஆகியவைதான் வரலாற்றின் தூண்கள் என்றும், வீட்டுக் கணக்கு, நாட்குறிப்பு, சுவர்க் கிறுக்கல் போன்றவை வெறும் சுவைக்கான துணுக்குகள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் வரலாற்றாசிரியன் அல்லன். முப்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் எந்தத் தாளை நம்பலாம் என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்ததால் இதை எழுதத் துணிகிறேன்.

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எந்தத் தணிக்கையாளனும் முதலில் திறப்பதில்லை. அது பிறர் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. நாங்கள் தேடுவது சரக்கறைச் சீட்டையும் வருகைப் பதிவேட்டையும்தான். என்றாவது ஒருவன் வந்து இதைப் படிப்பான் என்று அவற்றை எழுதியவர் நினைத்திருக்கமாட்டார். கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னரின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி எனக்கு ஆண்டறிக்கை மாதிரிதான் தெரிகிறது. அதில் தோற்ற போர் இருக்காது.

வருகைப் பதிவேடு என்றதும் நினைவுக்கு வருவது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சுண்ணாம்புக் கல் சில்லு. எகிப்தில் இரண்டாம் ராம்செஸ் ஆண்ட 40ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் 40 பேரின் பெயர்களும், அவர்கள் வேலைக்கு வராத நாட்களும் அதில் இருக்கின்றன. நாள் கறுப்பு மையில். வராத காரணம் அதன் மேலே சிவப்பு மையில். (தணிக்கையில் சிவப்பு மை எங்கள் கண்டுபிடிப்பு என்றல்லவா நினைத்திருந்தேன்!) ஒருவரைத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவருக்குக் கண் நோய். ஒருவர் பீர் காய்ச்சப் போயிருக்கிறார். ஒருவர் இறந்த தாயின் உடலைத் துணியில் சுற்ற வேண்டியிருந்திருக்கிறது. வீட்டில் மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்பதும் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்துக் கோயில் சுவர்களில் ராம்செஸ் எதிரிகளைத் துவம்சம் செய்கிறார். அவருக்குக் கல்லறை வெட்டியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அந்தச் சுவர்கள் சொல்லுமா?

இந்தக் காரணங்கள் பொய்யாக இருக்கலாமே என்று கட்டுரையாளர் கேட்கலாம். இருக்கலாம்தான். விடுப்பு விண்ணப்பங்களில் ஒரே பாட்டி மூன்று முறை இறந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பொய்க்கும் ஒரு பயன் உண்டு. எதைச் சொன்னால் மேற்பார்வையாளர் தலையாட்டுவார் என்று அன்றைய ஆட்கள் நம்பினார்கள் என்பது அதில் தெரிந்துவிடுகிறது. தாயின் உடலுக்குச் செய்ய வேண்டியதைச் சொன்னால் மறுபேச்சு இல்லை என்பது அந்தச் சமூகத்தைப் பற்றிய செய்திதானே.

இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரின் விவகாரத்தில், தூண்போல நம்பப்பட்ட சான்று ஒன்றே ஆட்டம் காண்கிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்த நாள் ஆகஸ்ட் 24 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆதாரம் ரோமானியரான இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதம். கண்ணால் கண்டவர், படித்தவர், பெரிய பதவிகள் வகித்தவர். ஆனால் அவர் அதை எழுதியது நிகழ்ச்சி நடந்து கால் நூற்றாண்டுக்குப் பின். நமக்குக் கிடைத்திருப்பதோ அவர் கையெழுத்தல்ல, படிக்குப் படி எடுத்த பிரதிகள். அவற்றில் தேதியும் ஒன்றுபோல் இல்லை. 2018இல் அங்கே ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய ஒரு வரி வெளிப்பட்டது. அதிலிருந்த தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. ஆகஸ்டில் புதைந்த ஊரில் அக்டோபரில் எழுதியது யார்? வெடிப்பு இலையுதிர் காலத்தில்தான் நடந்தது என்ற கருத்துக்கு அந்தக் கரிக்கோடு வலுவூட்டியது. அத்தோடு வழக்கு முடிந்துவிடவில்லை. அந்த வரியில் ஆண்டு இல்லை. கரி நாம் நினைப்பதைவிட நெடுநாள் சுவரில் நிற்கலாம் என்ற மறுப்பும் இருக்கிறது. கிறுக்கலையும் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும். அதே விசாரணையைப் பிளினிக்கும் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நாட்குறிப்பு விஷயத்தில் கட்டுரையாளர் அவசரப்பட்டுவிட்டார் என்பேன். அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாள்தோறும் ஓரிரு வரி எழுதிவந்தார். இன்று மழை, இன்னார் வீட்டில் பிரசவம், கூலி இவ்வளவு என்பதுபோல. முன்பு அதைப் புரட்டியவர்கள் அற்ப விவரங்கள் என்று மூடிவைத்தார்கள். லாரல் தாட்சர் உல்ரிச் என்ற வரலாற்றாசிரியர் அந்த 27 ஆண்டு வரிகளையும் ஒன்றாக வைத்து எண்ணினார். 816 பிரசவங்கள் வந்தன. கூடவே பெண்கள் தமக்குள் நடத்திய கொடுக்கல் வாங்கலும், ஆண்களின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத நெசவு உழைப்பும் வெளியே வந்தன. ஒற்றை ரசீது எதையும் நிரூபிக்காது. ரசீதுக் கட்டு முழுவதையும் அடுக்கிப் பார்த்தால் கதை வேறு. தணிக்கையில் முதல் வாரமே கற்றுத்தருகிற பாடம் இது.

எழுத்தே இல்லாத சான்றும் உண்டு. ஜெர்மனியின் டால்ஹைமில் கன்னிமடக் கல்லறை ஒன்றில் கிடைத்த நடுத்தர வயதுப் பெண்ணின் பற்காறையில் (பல்லில் இறுகிப் படிந்த அழுக்கில்) நீல நிறத் துகள்கள் இருந்தன. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். 2019இல் வெளியான ஆய்வு அந்தத் துகள் ஆப்கானிஸ்தானிலிருந்து போன விலையுயர்ந்த லாபிஸ் லாசுலி என்ற நீல நிறக் கல்லின் பொடி என்றது. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கமுள்ள ஓவியராக, ஏடுகளுக்கு வண்ணம் தீட்டியவராக அவர் இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேறு விளக்கங்களையும் அவர்களே சீர்தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கால ஏடுகளில் பெரும்பாலானவற்றில் கையொப்பம் கிடையாது. வரைந்தவர் துறவி என்றால் ஆண் என்று நாமாக எழுதிக்கொண்டோம்.

கட்டுரையாளரின் ஒரு கவலை நியாயமானது. சிதறிய துண்டுகளை வைத்துக்கொண்டு விருப்பப்படி கதை கட்டலாம்தான். அதைத் தடுக்க ஒரே வழி, துண்டு எங்கே, எதற்கு அடியில், எதனோடு கிடைத்தது என்ற குறிப்பைத் தொலைக்காமல் வைத்திருப்பது. இங்குதான் எனக்கு வருத்தம். பழைய கணக்கேடுகளை மின்னுருவாக்குகிறவர்கள் சிலர் எழுத்துள்ள பக்கத்தை மட்டும் படமெடுத்துவிட்டு, வெற்றுப் பக்கம், பின் அட்டை, இடையில் செருகிய சீட்டு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். ஓரத்தில் போட்ட கூட்டலும் அடித்துத் திருத்திய எண்ணும் அழகுக்காக வெட்டப்படுகின்றன. அடித்தல் திருத்தலைத்தான் நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு தேடினோம்.

அந்த எகிப்துக் கல்லிலும் பெயர்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. இந்தத் தொடரின் அடுத்த கட்டுரையில் ஏதேனும் ஆவணத்தின் படம் போடுவதாக இருந்தால், பின்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்